நிலவுக் கல் – 7: கண்ணுக்குத் தெரிந்த குற்றம்

போன வாரம் எங்கே விட்டேன்? பளிங்குப் பலகை நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் டோனி மாஸ்டர்ஸ். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் பார்க்க வருகிறார் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். வாரம் முழுக்க என்னைத் திட்டியிருப்பீர்கள்.

வந்துவிட்டார்.

ஒரு நிமிடம். மாஸ்டர்ஸின் நெஞ்சு ஏன் அப்படி அடித்துக்கொண்டது? '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் கலை வடிவமைப்பாளர்களில் அவர் முக்கியமானவர். நிலவில் புதைந்து கிடக்கும் அந்த அந்நியப் பொருளுக்கு உருவம் கொடுப்பது அவர் தலையில் விழுந்தது. நம் கொழும்புவாசி ஆர்தர் சி. கிளார்க் தன் பழைய சிறுகதையில் அதைப் பிரமிட்டு போல எழுதியிருந்தார். முக்கோணக் கூம்பாகச் செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் ஒளி ஊடுருவும் பலகை என்று முடிவானது. பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் அவ்வளவு பெரிய கட்டியை அதுவரை எவரும் வார்த்ததில்லையாம். எடை 2 தொன். வார்த்து, பொறுமையாக ஆறவைத்து, மெருகேற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

குப்ரிக் பார்த்தார்.

பச்சை அடிக்கிறதே என்றார். வெறும் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கிறதே என்றார். அவர் நினைத்தது, நிற்பதே தெரியாத தெளிவு. இத்தனை தடிப்பான பெர்ஸ்பெக்ஸில் அது எங்கே கிடைக்கும்?

எடுத்துப் போங்கள் என்றார்.

அவ்வளவுதான். பணமும் உழைப்பும் ஒரு வார்த்தையில் ஓரமாய்ப் போயின. கொடுமைதான். ஆனால் என் கட்சி குப்ரிக் பக்கம். கண்ணாடி என்று பார்வையாளன் பெயர் சொல்லிவிட்டால் அங்கே மர்மம் செத்துவிடும்.

அப்படியானால் கறுப்பாகச் செய்வோம் என்றார் மாஸ்டர்ஸ். மரத்தில் செய்தார்கள். கறுப்புப் பூச்சோடு பென்சில் கரியான கிராஃபைட்டையும் சேர்த்தார்கள். விரல் பட்டால் தடம், தூசி பட்டால் தழும்பு. தொட வேண்டுமென்றால் கையுறை! 1965 டிசம்பர் 29 அன்று ஷெப்பர்ட்டனில் முதல் காட்சி படமானபோது, நிலவுக் குழியின் நடுவே நின்றது கறுப்புதான்.

இதென்ன பெரிய வேலை, நம் மன்னார்ப் பெரியமடுவில் ஓர் ஓடாவியைப் பிடித்தால் அப்படியே அடித்துத் தரமாட்டாரா என்கிறீர்களா? தருவார். முதலில் அளவு கேட்பார்.

அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்!

இதே கதையைக் கிளார்க் எழுதிய நாவலில் கனம், அகலம், உயரம் 1:4:9. ஒன்று, இரண்டு, மூன்றின் வர்க்கங்கள். படத்தில் நின்ற பலகையோ அதைவிட மெலிசு. நாவலை நம்பிச் செய்தால் படத்துக்குப் பொருந்தாது, படத்தைப் பார்த்துச் செய்தால் கிளார்க்கின் கணக்கு உதைக்கும். இன்னொரு வேடிக்கை: குப்ரிக் துரத்திய பளிங்கை கிளார்க் கைவிடவில்லை. நாவலின் தொடக்கத்தில், ஆதி குரங்கு மனிதர்கள் முன் நிற்பது ஒளி ஊடுருவும் பலகைதான்.

அளவைத் தீர்த்தாலும் பூச்சு இருக்கிறது. மன்னார்ப் புழுதியில், வியர்த்த கையோடு, ஒரு தடம்கூடப் படாமல் அதைத் தூக்கி நிறுத்திப் பாருங்கள்.

சரி, அந்தப் பச்சைப் பளிங்கு?

உடைக்கவில்லை. உருக்கவில்லை. பல வருடம் கழித்து அதன் முன் ஒருவர் வந்து நின்றார். சினிமாக்காரர் அல்ல, சிற்பி. பெயர் ஆர்தர் ஃப்ளைஷ்மன். குப்ரிக்கின் கண்ணை உறுத்திய அதே கட்டியில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு மகுடம்.

அதைத் திறந்துவைக்க ஓர் அரசியே வரவேண்டியிருந்தது.

(அடுத்த வாரம்)