அகழாய்வுக் குழியில் வரலாற்றுப் பாடம்

அமெரிக்கப் பள்ளிப் பாடநூல்களில் அந்நாட்டின் வரலாறு நெடுங்காலம் கொலம்பஸின் கப்பல்களோடு, 1492இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளின் வரலாறு இரண்டு இடங்களில் இருந்தது: மண்ணுக்குள்ளும், அவர்களின் வழிவந்தோர் நினைவிலும். மண்ணுக்குள் இருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளே தோண்டிக் கற்கட்டும் என்ற எண்ணத்தில் பிறந்தவை தொல்லியல் முகாம்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்குக் களப்பயிற்சி தரும் வழக்கம் முன்பே உண்டு. பள்ளி மாணவர்களும் பொதுமக்களும் குழியில் இறங்குவது 1970களில் பரவலாயிற்று. வழிவந்தோரின் நினைவையும் கேட்க வேண்டும் என்பது பெரும்பாலான முகாம்களுக்கு உறைக்க மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

தொடக்கக் கால முகாம்களில் பெயர் பெற்றது இல்லினாய் மாநிலத்தின் கோஸ்டர். இல்லினாய் ஆற்றின் கீழ்ப் பள்ளத்தாக்கில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மக்காச்சோள வயல் அது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் ஸ்ட்ரூவர் 1969இல் அங்கே தோண்டத் தொடங்கினார். குழி 30 அடிக்கும் கீழே போயிற்று. ஒன்றன்மேல் ஒன்றாகக் குடியிருப்புகள் கிடந்தன. இடையிடையே குன்றிலிருந்து மழை அரித்துக் கொண்டுவந்த வெறும் மண். கோஸ்டரின் அதிர்ஷ்டமே அந்த வெறும் மண்தான். ஒரு காலத்துப் பொருள் இன்னொரு காலத்துப் பொருளோடு கலக்காமல் அது பிரித்து வைத்திருந்தது. மிகப் பழைய அடுக்குகள் ஒன்றில், மனிதர்கள் தங்கள் நாய்களைக் குழிதோண்டி அடக்கம் செய்திருந்ததும் தெரியவந்தது.

அருகிலிருந்த காம்ப்ஸ்வில் சில நூறு பேர் மட்டுமே வாழும் ஆற்றங்கரைக் கிராமம். அதன் பழைய கட்டடங்கள் ஆய்வகங்களாக மாறின: ஒன்றில் எலும்பு, இன்னொன்றில் விதை, மற்றொன்றில் நத்தை ஓடு. மாணவர்கள் காலையில் குழியில் வேலை செய்தார்கள். பிறகு மண்ணைத் தண்ணீரில் கரைத்தார்கள். கரியாகிப்போன விதைகளும் கொட்டை ஓடுகளும் மேலே மிதக்கும். மெல்லிய வலையால் அவற்றை அள்ளிவிடலாம். ஸ்ட்ரூவர் 1968இல் எழுதிய கட்டுரையால் பரவிய முறை இது. பழங்கால மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்ற கேள்விக்கு அம்பு முனைகளைவிட இந்தக் கரித்துண்டுகளே நல்ல பதில் தந்தன. பார்வையாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஆழத்தில் ஊற்றுநீரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்த இந்த அகழாய்வு 1978இல் முடிந்தது; காம்ப்ஸ்வில்லில் கோடைப் பயிற்சிகள் தொடர்ந்தன.

அறிவியல் முறையைக் கற்பிப்பதில் கோஸ்டருக்குக் குறை சொல்ல முடியாது. குறை வேறிடத்தில் இருந்தது. 1830ஆம் ஆண்டின் வெளியேற்றச் சட்டத்தை ஒட்டிய ஆண்டுகளில் இல்லினாய்ப் பூர்வகுடிகள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தப்பட்டார்கள். அவர்களில் பியோரியா மக்களின் வழிவந்தோர் இன்று ஓக்லஹோமாவில் வாழ்கிறார்கள். ஆகவே வயலில் தோண்டிய பிள்ளைகளுக்கு, அந்த மண்ணின் மைந்தர்கள் என்றோ மறைந்துபோன கூட்டமாகவே தோன்றினார்கள். அதே மாநிலத்தின் டிக்சன் மேடுகள் அருங்காட்சியகத்தில் பூர்வகுடிகளின் இருநூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் திறந்த கல்லறைகளிலேயே காட்சிக்கு இருந்தன; பள்ளிச் சுற்றுலாக்கள் வரிசைகட்டி வந்தன. பூர்வகுடிகளின் தொடர்ந்த போராட்டத்துக்குப் பிறகு 1992இல்தான் அந்தக் கூடம் மூடப்பட்டது.

எதிர்ப்பு முன்பே எழுந்திருந்தது. 1971 கோடையில் மின்னசோட்டாவின் வெல்ச் என்ற ஊரில் பள்ளி மாணவர்களை வைத்து ஓர் அகழாய்வு நடந்தது. பூர்வகுடிகளின் உரிமைக்காகப் போராடிய அமெரிக்க இந்திய இயக்கத்தினர் அங்கே நுழைந்து மண்வெட்டிகளைப் பறித்தார்கள், களக்குறிப்புகளை எரித்தார்கள், குழிகளை மூடினார்கள். பொருள் நட்டத்துக்குப் பணம் தருவதாகவும் சொன்னார்கள். மாணவர்களில் பலருக்கு உயிரோடிருக்கும் பூர்வகுடிகளைப் பற்றிய முதல் பாடமே அதுவாக இருந்திருக்கலாம்.

வேறு வழியும் உண்டு என்பதை அதே காலத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரை காட்டிக்கொண்டிருந்தது. ஓசெட் என்பது மாக்கா மக்களின் பழைய திமிங்கில வேட்டைக் கிராமம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற அரசின் கட்டாயத்தால் குடும்பங்கள் பள்ளிக்கூடம் இருந்த நியா விரிகுடாவுக்குக் குடிபெயர, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஊர் வெறிச்சோடிப் போனது. பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே ஒரு மண்சரிவு சில நீண்ட பலகை வீடுகளை அப்படியே மூடியிருந்தது. 1970இன் குளிர்காலப் புயல் கரையை அரித்தபோது அவற்றின் பலகைகள் வெளியே தெரிந்தன. அந்த வழியே நடைப்பயணம் போனவர்கள் பொருள்களை எடுத்துச் செல்லவும் தொடங்கினார்கள். மாக்கா குடித் தலைவர் எட் கிளாப்லன்ஹூ, தமக்கு அறிமுகமான வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ரிச்சர்ட் டாகர்ட்டியை அழைத்தார்.

ஈரச் சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் மரமும் கூடையும் கயிறும்கூட மக்கவில்லை. கரண்டி பட்டால் கிழிந்துவிடும் என்பதால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கழுவினார்கள். பதினோரு ஆண்டுகளில் 55,000க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. கல்லூரி மாணவர்களோடு மாக்கா இளைஞர்களும் வேலை செய்தார்கள். இன்னதென்று தொல்லியலாளர்களுக்கு விளங்காத பொருள்களை ஊர்ப் பெரியவர்கள் பார்த்ததும் பயனைச் சொன்னார்கள். சிலவற்றை அவர்களே சிறுவயதில் கையாண்டிருந்தார்கள். திமிங்கில முதுகுத்துடுப்பின் வடிவில் செதுக்கி, நீர்நாயின் எழுநூறுக்கும் மேற்பட்ட பற்களைப் பதித்த மரச்சிற்பம் ஒன்றும் கிடைத்தது. வேட்டைச் சடங்கை அறிந்தவர்கள் அருகில் இல்லாமல் அதைப் புரிந்துகொள்ள முடியாது. கிடைத்ததெல்லாம் மாக்கா மக்களுக்கே சொந்தம், ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பது உடன்பாடு. 1979இல் நியா விரிகுடாவில் அவர்களின் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆண்கள் தொடக் கூடாதவை எவை, பெண்கள் தொடக் கூடாதவை எவை என்பது வரை அதன் சேமிப்பறையில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

முகாம் என்ற வடிவம் நிலைபெற்றது கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், கோர்ட்டெஸ் நகரை ஒட்டிய குரோ கேன்யன் மையத்தில். எட்வர்ட் பெர்கர் என்ற உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் 1960களின் பிற்பகுதியிலிருந்து டென்வர் பகுதி மாணவர்களை அங்கே அழைத்து வந்துகொண்டிருந்தார். அந்த முயற்சியோடு, கோஸ்டரில் தோண்டிய ஸ்ட்ரூவரின் அமைப்பு கைகோத்ததில் 1983இல் மையம் உருவாயிற்று. சில ஆண்டுகளில் தனி நிறுவனமாகவும் ஆனது.

அந்த வட்டாரத்துக்கு இப்படி ஒரு பள்ளி தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மேசா வெர்டேயின் பாறைக் குடியிருப்புகளை வெதரில் குடும்பத்தினர் 1888இல் கண்டதிலிருந்து பானைக்காகத் தோண்டுவது அங்கே ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. 1891இல் ஸ்வீடனைச் சேர்ந்த நோர்டென்ஷியோல்ட் அள்ளிச் சென்ற தொகுப்பு பின்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தை அடைந்தது. 1906ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் வந்தபோதும் அது அரசு நிலத்தைத்தான் காத்தது. தனியார் நிலத்தில் கல்லறை தவிர மற்றவற்றை நிலச் சொந்தக்காரர் விருப்பம்போல் தோண்டலாம், விற்கலாம். சட்டத்தின் கை எட்டாத இடத்தில் ஊர்க்காரர்களின் மனம் மாறினால்தான் உண்டு. கல்வியை ஆய்வின் இலவச இணைப்பாகக் கருதாமல் சரிபாதிப் பணியாகக் குரோ கேன்யன் எடுத்துக்கொண்டது அதனால்தான்.

முகாமுக்கு வரும் பிள்ளைகளை எடுத்த எடுப்பிலேயே குழியில் இறக்குவதில்லை. வெவ்வேறு காலத்துப் பொருள்களின் மாதிரிகளை முன்னே வைத்து எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். வில்லுக்கு முந்தைய எறிகோலால் ஈட்டி வீசுகிறார்கள். யுக்கா நாரில் கயிறு திரிக்கிறார்கள். நம் அம்மி குழவி போன்ற கல்லில் மக்காச்சோளம் அரைக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கான மாவை அரைக்க நாளில் எத்தனை மணி நேரம் முட்டிபோட்டிருக்க வேண்டும் என்பது அரை மணியில் இடுப்புக்குத் தெரிந்துவிடும். சிறு பிள்ளைகளுக்குச் செயற்கையாக அமைத்த குழி. வளர்ந்தவர்களுக்கு மட்டுமே உண்மையான களம். அங்கே நூல் கட்டிச் சதுரமாகப் பிரித்த குழியில் கரண்டியால் மண்ணை மெல்லச் சுரண்டி, வாளியில் அள்ளிச் சல்லடையில் சலிக்கிறார்கள். கிடைக்கும் பானை ஓடு எந்தச் சதுரத்தில், எந்த அடுக்கில் இருந்தது என்று பையின்மேல் எழுதாவிட்டால் அந்த ஓட்டுக்கு மதிப்பில்லை. பானை திருடுவது ஏன் வரலாற்றைத் திருடுவதாகும் என்பதைத் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை. பையின்மேல் எழுதும் அந்த வரியே அதைப் புரியவைத்துவிடும்.

மையத்தின் முதல் பெரிய களமான டக்ஃபுட் ஒன்பதாம் நூற்றாண்டின் சிற்றூர். 1983 முதல் 1987 வரை மாணவர்களும் தன்னார்வலர்களும் அதை ஏறக்குறைய முழுதாகவே அகழ்ந்தார்கள். கூரை உத்தரங்களின் மரவளையங்களைக் கொண்டு கி.பி. 850களில் ஊர் கட்டப்பட்டது என்றும், 880 வாக்கில் கைவிடப்பட்டது என்றும் கணிக்க முடிந்தது. அடுத்துத் தோண்டிய சாண்ட் கேன்யன் அளவில் பெரியது: சுமார் 420 அறைகள், கீவா எனப்படும் வட்ட வடிவக் கூடங்கள் 90. அங்கே சிறு பகுதியை மட்டுமே தோண்டினார்கள். தோண்டுவது என்றால் அழிப்பதும்தான் என்ற எச்சரிக்கை அதற்குள் வலுத்திருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த வட்டாரமே காலியானது. சுற்றுலாக் கையேடுகள் அதை ஒரு மர்மமாக்கி விற்றன. ஹோப்பி, ஜூனி, ரியோ கிராண்டே கரைப் புவெப்லோ மக்கள் அதில் மர்மம் எதையும் காணவில்லை. தங்கள் முன்னோர் தெற்கே இடம்பெயர்ந்தார்கள், அவ்வளவுதான். 1990இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் எலும்புகளையும் சடங்குப் பொருள்களையும் வழிவந்தோருக்குத் திருப்பித் தரச் சொன்னது. அந்தப் பத்தாண்டில் குரோ கேன்யன் பூர்வகுடி ஆலோசனைக் குழுவை அமைத்தது. புவெப்லோ அறிஞர்கள் முகாமில் ஆசிரியர்களாக வரத் தொடங்கினார்கள். 2008 முதல் ஹோப்பி விவசாயிகள் மையத்தின் நிலத்தில் தங்கள் மக்காச்சோளத்தைப் பயிரிட்டு, பாசனமில்லாமல் ஆழமாக விதை ஊன்றும் முறையைக் கற்பிக்கிறார்கள். பழங்கால விளைச்சலை ஆய்வாளர்கள் கணினியில் போட்ட கணக்கை இந்த வயல்கள் சரிபார்க்க உதவின. ஆனாலும் கட்டணம் கட்டி வரும் பிள்ளைகளே அதிகம் என்ற குறை இத்தகைய முகாம்களுக்கு உண்டு; பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை ஏற்பாடுகள் அதை ஓரளவுக்கே ஈடுசெய்கின்றன.

பூர்வகுடிகள் தாங்களே நடத்தும் களங்களில் இந்தக் குறை எழுவதில்லை. கனெக்டிகட்டின் மொஹீகன் மக்கள் 1995 முதல் தங்கள் நிலத்தில் களப்பள்ளி நடத்துகிறார்கள். எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்பது அவர்கள் முடிவு. அலாஸ்காவின் பெரிங் கடலோரத்தில் குவின்ஹகாக் என்ற யூபிக் ஊரின் நிலை இன்னும் அவசரமானது. உறைநிலம் இளகிக் கடல் கரையைத் தின்னத் தொடங்கவே, ஊரார் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தாரை அழைத்து 2009இல் நுனால்லெக் என்ற பழைய குடியிருப்பைத் தோண்டவைத்தார்கள். பகைவர் வீட்டுக்குத் தீவைத்த பழைய போர்க் கதையைப் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். எரிந்த சுவர்களும் அம்பு முனைகளும் மண்ணுக்குள் இருந்தன. ஊர் இளைஞர்கள் அங்கே கிடைத்த முகமூடிகளையும் பொம்மைகளையும் பார்த்து மரத்தில் செதுக்கப் பழகினார்கள். 2018இல் திறந்த அருங்காட்சியகத்தில் அந்த அசல் பொருள்கள் ஊருக்குள்ளேயே வைக்கப்பட்டன.