அணை அரசுக்கு, மடை யாருக்கு?



"இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியதுதானே?" வாசல் ஓடை நிரம்பும்போதெல்லாம் இதைக் கேட்கிறோம். நாஞ்சில் நாட்டில் இது பழைய கேள்வி.

குளம் வெட்ட ஊர் கூடினால் போதும். கோதையாற்றை மறிக்க ஊராரால் ஆகாது. அதனால் திருவிதாங்கூர் அரசு 1897-இல் பேச்சிப்பாறை அணையைத் தொடங்கி 1906-இல் முடித்தது. மன்னர் மூலம் திருநாள், பொறியாளர் மிஞ்சின். அடுத்தமுறை பேச்சிப்பாறைக்குப் போனால் அவருடைய கல்லறையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனால் திறந்துவிட்ட தண்ணீர் கடைசி வயல்வரை போக வேண்டுமே! சானலில் பாசி வாருவதற்கும் மடையில் மண் அள்ளுவதற்கும் மேலிருந்து யாரும் வரமாட்டார்கள். தமிழகத்தில் இதற்குக் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது: தண்ணீர் பெறுகிறவர்களே கூடிச் செய்யும் வேலை. பராமரிப்பு அரசின் கைக்குப் போகப் போக அது தேய்ந்தது. 2017-இல் தமிழக அரசே அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. செலவில் பத்தில் ஒரு பங்கு ஆயக்கட்டுதாரர்களுடையது. அந்தப் பங்கு சிறிதுதான், ஆனாலும் கேட்டது சரியென்றே எனக்குப் படுகிறது.

தெருவோடையைத் தூர்வார நாம் மனு கொடுப்போம், விடாமல் கேட்போம். நம் வளாகத்துக்குள் ஓடைமேல் வைத்த பூந்தொட்டிகளையும் சிலாப்பையும் ஐப்பசி மழைக்கு முன் எடுக்க வேண்டியவர்கள் நீங்களும் நானும்தான்.