அக்ல்: கயிறும் அறிவும்

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ‘கிதாபுல் உகூல்’ என்றொரு பகுதி உண்டு. உகூல் என்பது அக்லின் பன்மை. எங்கட ஓதப்பள்ளிகளில் ‘ஆகில், பாலிக்’ என்று மார்க்கச் சட்டம் படித்த எவருக்கும் அக்ல் என்றால் புத்திதான். அப்படியென்றால் இது ‘புத்திகளின் நூல்’ ஆக வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தால் கண்ணுக்கு 50 ஒட்டகம், விரலுக்கு 10, பல்லுக்கு 5 என்று நட்டஈட்டுக் கணக்கு நடக்கிறது. ஹிஜ்ரி 179இல் மறைந்த இமாமவர்களுக்கும் அவரது மதீனத்து வாசகர்களுக்கும் இந்தத் தலைப்பில் எந்தக் குழப்பமும் இருந்திருக்காது. குழப்பம் நமக்குத்தான்.

ஐன், காஃப், லாம் என்ற இம்மூன்று எழுத்து வேருக்குள் முதலில் தட்டுப்படுவது ஒரு கயிறு. ஒட்டகத்தைப் படுக்க வைத்து, முன்னங்காலை மடக்கி, கீழ்க்காலையும் மேற்காலையும் சேர்த்துக் கட்டுவார்கள். அந்தக் கட்டுக்கு அக்ல். கட்டும் கயிற்றுக்கு இகால். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குச் சொன்னதாகத் திர்மிதியில் வரும் பிரபலமான ஹதீஸில் உள்ள கட்டளைச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். வளைகுடாவில் வேலை பார்த்து வந்த நம்மவர்கள் அரபிகளின் தலைத்துணி மேலே கண்ட கறுப்பு வளையத்துக்கும் இகால் என்றே பெயர்.

கயிறு எப்படி நட்டஈடானது? கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் ஒட்டகங்களைக் கொன்றவனின் உறவினர் ஓட்டிக்கொண்டுபோய், கொல்லப்பட்டவனின் வீட்டு முற்றத்தில் கட்டிவிட்டு வருவார்கள். அந்தக் கட்டுதலே ஈட்டுக்கும் பெயராகி, கொடுக்கும் கூட்டம் ‘ஆகிலா’ ஆயிற்று. இரத்தம் மேலும் சிந்தாமல் தடுத்து நிறுத்துவதால் வந்த பெயர் என்று சொன்னோரும் உண்டு. எனக்கு முற்றத்து ஒட்டகம்தான் பொருத்தமாகப் படுகிறது. சொற்கள் பெரும்பாலும் கண்ணால் கண்டதிலிருந்து பிறக்கின்றன. தத்துவம் பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஹிஜ்ரத்தின் பின் எழுதப்பட்ட மதீனா சாசனத்தில், ஒவ்வொரு கோத்திரமும் தமது பழைய முறைப்படி ஈட்டைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்ற விதியில் இந்த வேர் திரும்பத் திரும்ப வருகிறது. குர்ஆனைத் தவிர வேறு ஏதும் உங்களிடம் எழுத்தில் உண்டா என்று அபூ ஜுஹைஃபா, அலீ (ரலி) அவர்களிடம் கேட்ட சம்பவம் புஹாரியில் இருக்கிறது. அலீயிடமிருந்த ஏட்டின் விடயங்களில் முதலாவது ‘அல்-அக்ல்’. இதைப் ‘பகுத்தறிவு’ என்று மொழிபெயர்த்துவிட்டால் கதை எங்கேயோ போய்விடும்! அடுத்ததாக அங்கே வருவது கைதியை விடுவிப்பது. பக்கத்து வீட்டைப் பார்த்தாலே இந்த வீட்டின் தொழில் தெரியும்.

ஆகிலா யார் என்பதும் ஓரிடத்தில் நிற்கவில்லை. தவறுதலாக நடந்த கொலைக்குரிய 100 ஒட்டகங்களை மூன்று வருடங்களில் கட்டும் பொறுப்பு தந்தைவழி ஆண் உறவினருக்கு உரியது என்பது நம் ஷாபிஈ மத்ஹபின் நிலை. உமர் (ரலி) படையினரின் பெயர்களைப் பதிந்து ‘திவான்’ ஏற்படுத்திய பின், ஒரே பதிவேட்டில் சம்பளம் பெறுவோரே ஒருவருக்கொருவர் ஆகிலா என்றனர் ஹனபிகள். இரத்த உறவு போய்ச் சம்பளப் பட்டியல் வந்துவிட்டது. சொல் மட்டும் அப்படியே இருந்தது.

இந்த வேரைப் பற்றி நடந்த விவாதங்களில் கனமானது அபூபக்ர் (ரலி) அவர்களின் ஒரு சொல்லைப் பற்றியது. ஹிஜ்ரி 11இல் சில கோத்திரங்கள் ஸகாத்தைத் தர மறுத்தபோது, நபியவர்களுக்குக் கொடுத்துவந்த ஓர் இகாலைத் தடுத்தாலும் போர் செய்வேன் என்ற கருத்தில் அவர் பேசினார். இகால் என்றால் கயிறு. கயிற்றில் ஏது ஸகாத்? கிஸாயீ, அபூ உபைத் போன்ற மொழியறிஞர்கள், இங்கே இகால் என்பது ஒரு வருட ஸகாத் என்றனர். ஆதாரமும் வைத்திருந்தார்கள். முஆவியா (ரலி), தம் சகோதரர் உத்பாவின் மகன் அம்ரை கல்பு கோத்திரத்திடம் ஸகாத் வசூலிக்க அனுப்பினார். அவர் ஒரே இகாலில் எங்களைத் துடைத்துவிட்டார், இரண்டு என்றால் கதியென்ன என்று புலம்பும் பாடலொன்று அக்கோத்திரத்துக் கவிஞருடையது. அங்கே இகால் ஒரு வருட வசூல் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் கயிறு கயிறுதான் என்று நின்றவர்களும் சாமானியர்கள் அல்லர். ஆய்வாளர்கள் பலரின் முடிவு அதுவே என்று எழுதுகிறார் இமாம் நவவி. அற்பமான ஒன்றைச் சொல்லி உறுதியைக் காட்டும் பேச்சு அது. ஒரு வருட ஸகாத் என்று பொருள் வைத்தால் அந்தச் சூடே ஆறிவிடும். இமாம் புஹாரியோ இன்னொரு பக்கம் திருப்புகிறார்: ‘இகால்’ அல்ல, வெள்ளாட்டுப் பெண்குட்டியைக் குறிக்கும் ‘அனாக்’ என்ற அறிவிப்பே கூடுதல் சரியானது என்கிறார். ஒரு கலீஃபாவின் போர் முடிவு விளங்குவதற்கு அகராதி, கவிதை, அறிவிப்பாளர் வரிசை மூன்றும் வேண்டியிருந்தன. நான் நவவியின் பக்கம். கல்பு கவிஞர் வரிவசூலைப் பற்றிப் பாடினார். அபூபக்ரோ கோபத்தில் பேசினார். ஒரே சொல்லானாலும் இரண்டு பேச்சும் வேறு.

அப்படியானால் புத்தி? ஹிஜ்ரி 395இல் மறைந்த இப்னு ஃபாரிஸ், இவ்வேரின் கிளைகளை எல்லாம் ‘தடுத்து வைத்தல்’ என்ற ஒரே கருத்தில் கொண்டுவந்து சேர்க்கிறார். கெட்ட சொல்லிலிருந்தும் செயலிலிருந்தும் தடுப்பதால் அது அக்ல். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்தும், நா கட்டுண்டு பேச்சற்றுப் போவதும், மலையுச்சிப் புகலிடமான ‘மஅகில்’லும் இந்த வேருக்குள்தான். இன்றைய அரபுப் பத்திரிகைகளில் தடுப்பு முகாமுக்கு ‘முஃதகல்’.

அல்குர்ஆனில் இந்த வேர் 49 இடங்களில் வருகிறது, எல்லாம் வினைச்சொல். ‘அக்ல்’ என்ற பெயர்ச்சொல் ஓரிடத்தில்கூட இல்லை. ஹஜ் அத்தியாயத்தின் 46ஆம் வசனத்தில் அந்த வினையைச் செய்வது இதயம். மனிதனுக்குள் தனியே குடியிருக்கும் ஒரு பொருளாக அக்ல் அங்கே பேசப்படவில்லை. மனிதன் செய்யும், அல்லது செய்யத் தவறும் ஒரு காரியமாகவே பேசப்படுகிறது. கிரேக்க நூல்கள் அரபுக்கு வந்தபோதுதான் அரிஸ்டாட்டிலின் ‘நூஸ்’ என்ற சுமையும் இந்தக் கயிற்றில் ஏறியது. ஃபாராபி, அக்லுக்கு ஆறு பொருள் பிரித்து ஒரு ஏடே எழுதினார். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் நான்கு சொல்கிறார்.

நமது தமிழில் இன்னொரு சுமை சேர்ந்துவிட்டது. ‘பகுத்தறிவு’ என்ற சொல்லில் தமிழகத்துச் சுயமரியாதை இயக்கத்தின் வாசம் அடிக்கும். குர்ஆன் வசனத்தில் அதைப் போட்டால் வாசகர் வேறொரு வாதத்துக்குள் இறங்கிவிடுவார். இதற்கு நேர்மாறாக, அக்ல் என்றால் கயிறு, ஆகவே புத்தியைக் கட்டிப்போடு என்று மிம்பரில் முழங்குவதும் எனக்குச் சம்மதமில்லை. சிந்திக்காதவர்களைக் கண்டிக்கும் வசனங்களில் இந்த வினை எத்தனை தடவை வருகிறது என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

பகரா அத்தியாயத்தின் 75ஆம் வசனம், இறைவாக்கைக் கேட்டு ‘அகலூ’ செய்த பின்னரும் மாற்றிவிட்டவர்களைப் பற்றியது. ‘விளங்கிய பின்’ என்றே பொதுவாக எழுதுவோம், பிழையில்லை. ஆனால் நம்மூரில் ஒரு விசயம் விளங்காதபோது ‘எனக்கு இன்னும் பிடிபடேல்ல’ என்கிறோமே, அந்தப் ‘பிடி’ இந்த வேருக்கு இன்னும் கிட்ட நிற்கிறது. கேட்டார்கள், பிடிபட்டது, பிறகும் மாற்றினார்கள்.