தோட்டாவின் நீளம்

புதிய ஊரில் குடிபுகுந்த வீட்டின் பூட்டிலே பழைய சாவியொன்றை நுழைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்: சாவி உள்ளே சென்றுவிட்டது என்பதாலேயே பூட்டு திறந்துவிடுவதில்லை. ஆயுதங்களின் வரலாற்றிலும் இத்தகைய சிக்கல் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் நெம்புகோல் ரைபிளைக் கொண்டு அதனை இன்று ஆராய்வோம்.

1860ஆம் ஆண்டில் பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பார் காப்புரிமை பெற்ற ரைபிளில், சுடுகுழலுக்குக் கீழே மற்றொரு நீண்ட குழாய் இருந்தது. அதனுள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். முன்னாலிருக்கும் சுருள்வில் அவற்றைச் சுடுபவர் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். நெம்புகோலை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். புதிய தோட்டா மேலேறி அறைக்குள் புகும்.

இவ்வழியில் வந்த 1873ஆம் ஆண்டு வின்செஸ்டர் ரைபிளுக்கென 44-40 என்னும் தோட்டா அமைந்தது. 44 என்பது குண்டின் பருமனைப் பெயரளவில் குறிப்பது. 40 என்பது கரிமருந்தின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வது. சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனத்தார் இதே தோட்டாவை ஏற்கும் ரிவால்வரையும் விற்றனர். கடைகள் இல்லாத தொலைதூரத்தில் வாழ்ந்தவருக்கு, தோள் துப்பாக்கிக்கும் இடுப்புத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா போதுமென்பது பேருதவியாயிற்று.

அடுத்த தலைமுறையில் இப்பொருத்தம் வேறு வடிவம் கொண்டது. 1898ஐ ஒட்டி .38 ஸ்பெஷல் தோட்டா தோன்றியது. 1935இல் .357 மாக்னம் வந்தது. பெயரில் வேறுபட்டாலும் இரண்டின் குண்டுகளும் ஒரே பருமன் உடையவை. ஆனால் புதிய தோட்டாவின் கூடு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீளமானது. ஏன் இந்த நீட்சி? புதியதன் அழுத்தம் பழையதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. நீளமும் ஒன்றாயிருந்தால் யாரேனும் அதைப் பழைய, வலுக்குறைந்த ரிவால்வரில் இட்டுவிடுவர். அது கையிலேயே வெடித்துச் சிதறவும் கூடும். எனவே நீளமே காவலாயிற்று. குட்டைத் தோட்டா நீண்ட அறையில் புகலாம். நீண்டது குட்டை அறையில் புகாது. 1907இல் வந்த .44 ஸ்பெஷலுக்கும் 1955இல் வந்த .44 மாக்னத்துக்கும் உள்ள உறவு இதுவே.

ரிவால்வரில் இவ்விதி எளிதாக நடக்கிறது. நெம்புகோல் ரைபிளில் அப்படியன்று. பிற்காலத்தில் 1873ஆம் ஆண்டின் அமைப்பையே பின்பற்றி, .357 தோட்டாவுக்கென ரைபிள்கள் செய்யப்பட்டன. இவ்வமைப்பில், குழாயிலிருந்து வரும் தோட்டாவை ஓர் உலோகக் கட்டை ஏந்தி மேலே தூக்குகிறது. கட்டையில் கிடக்கும் தோட்டாவின் மூக்குத்தான் அடுத்த தோட்டாவைக் குழாய்க்குள் தடுத்து வைக்கிறது. தோட்டா அளவுக்கு மீறிக் குட்டையானால், அடுத்ததன் விளிம்பு கட்டைக்குள் தலைநீட்டும்; கட்டை மேலெழ மாட்டாது; நெம்புகோல் நடுவழியில் நின்றுவிடும். 1892ஆம் ஆண்டு ரைபிளுக்கு வடிவம் தந்த ஜான் பிரௌனிங், இப்பணியைத் தோட்டாவின் நீளத்திடம் விடாமல், அடுத்த தோட்டாவைத் தடுத்து நிறுத்தத் தனி உறுப்பை வைத்தார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. குட்டைத் தோட்டாக்களையே நெடுநாள் சுட்டுவந்தால், அறையில் அவற்றின் கூடு முடியும் இடத்திற்கு முன்னே கரி வளையமாகப் படியும். அதைத் துடைக்காமல் விட்டால், பிறகு இடும் நீண்ட தோட்டா முழுதும் உட்செல்லாது சிக்கும்.

ஆகவே குண்டின் பருமன் ஒன்றே என்று கண்டு நாம் அமைதி கொள்ளலாகாது. குழலின்மேல் தயாரிப்பாளர் பொறித்த பெயரும், அவர் இசைவளித்த தோட்டாக்களின் பட்டியலும்தாம் முடிவானவை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது புதிய பாடமன்று. ஒரு சொல் வாக்கியத்துக்குள் நுழைவது வேறு. அவ்வாக்கியத்தை நடத்திச் செல்வது வேறு. சொல் தவறினால் திருத்திக்கொள்ளலாம். துப்பாக்கி அந்த வாய்ப்பைத் தருவதில்லை.