அறுந்த யன்னற் கயிறு

வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் தை மாத இரவு எத்தகையது என்பதை வெப்ப நாட்டில் வாழ்பவர் எளிதில் உணர்வதற்கில்லை. நுவரெலியாவின் பனிக் காலத்தில் ஓரிரவைக் கழித்தவர்கள் ஓரளவு அறிவர். செங்கற் சுவர் எவ்வளவு தடித்ததாயினும் யன்னற் சட்டத்தில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாற் போதும். கணப்பிலே எரியும் நிலக்கரியின் சூடு அவ்வழியே வெளியேற, வெளியிலுள்ள குளிர் அவ்வழியே உள்ளே வந்துவிடும். அங்குள்ள ஏழைக் குடும்பங்கள் பழைய செய்தித்தாளை மடித்து அவ்விடைவெளியிற் செருகிக் காலங்கழித்தன. சொந்த வீடாயின் தச்சனை அழைத்திருப்பர். வீடோ வாடகை வீடு. யன்னலைத் திருத்த வேண்டியவர் யார்? வாரந்தோறும் வாடகையை வாங்குபவரா, அதனைக் கொடுப்பவரா? இந்த எளிய கேள்விக்கு நேரான விடை கூற ஆங்கிலச் சட்டத்துக்கு ஏறக்குறைய 175 ஆண்டுகள் பிடித்தன.

அரசே ஒரு காலத்தில் யன்னலுக்குப் பகையாயிருந்தது. மூன்றாம் வில்லியம் மன்னனின் ஆட்சியில், 1696ஆம் ஆண்டில், வீட்டிலுள்ள யன்னல்களை எண்ணி வரி அறவிடும் முறை தொடங்கிற்று. பத்துக்கு மேற்பட்ட யன்னல்களுடைய வீட்டுக்கு வரி கூடுதல். பல குடும்பங்கள் அறையறையாக வாழ்ந்த பெரிய கட்டடத்தை ஒரே வீடாகக் கொண்டு, அதற்குரிய வரியைச் சொந்தக்காரரிடமே கேட்டனர். அவரும் வரியைக் குறைப்பதற்குச் செங்கல்லால் யன்னல்களை அடைத்தார். குடியிருந்தோர் ஒளியும் காற்றும் இழந்தனர். இந்த வரி 1851இலேதான் நீங்கியது. கண்ணாடி மீதிருந்த தீர்வை அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1845இல், எடுக்கப்பட்டிருந்தது. பழைய ஆங்கில வீடுகளிற் கல்லால் அடைபட்ட யன்னல்களை இன்றும் காணலாம். அவற்றுள் அழகுக்காகத் தொடக்கத்திலேயே அவ்வாறு கட்டப்பட்டவையும் உண்டு என்பதை மறத்தலாகாது.

வரி நீங்கினாலும் திருத்தும் கடமை யார் மீதும் வந்து சேரவில்லை. ஆங்கிலப் பொதுச் சட்டம் வாடகையை நிலக் குத்தகையாகவே கருதிற்று. வயலைக் குத்தகைக்கு எடுக்கும் உழவன் அதிலுள்ள கொட்டிலையும் வேலியையும் தானே பார்த்துக்கொள்வான். எடுக்குமுன் சுற்றிப் பார்த்திருக்க வேண்டியவனும் அவனே. உழவனுக்குப் பொருந்திய இவ்விதி, ஆலைக்கு அருகே இரண்டு அறைகளை வாரக் கணக்கில் எடுத்த நெசவுத் தொழிலாளிக்கும் அப்படியே பொருத்தப்பட்டது. அவனுக்கோ நிலத்தால் ஒரு பயனும் இல்லை. தலைக்கு மேலே கூரையும் காற்றைத் தடுக்கும் யன்னலுமே வேண்டியிருந்தன.

இவ்விடத்திலே நேயர்களுக்கு வியப்பளிக்கக்கூடிய ஒரு செய்தி உண்டு. ஒல்லாந்தர் கொண்டுவந்து விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டம், வாடகைக்கு விடுபவர் வீட்டைப் பயன்பாட்டுக்கு ஏற்ற நிலையில் ஒப்படைத்து, வாடகைக் காலம் முழுவதும் அந்நிலையிலேயே பேண வேண்டும் என்னும் கொள்கையுடையது. ஆகவே, வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, கொழும்பிலே வாடகைக்கு இருந்தவருக்குச் சட்டப் புத்தகத்தில் இருந்த இவ்வுரிமை, ஆட்சியாளரின் தலைநகரான இலண்டனில் இருந்தவருக்கு இருக்கவில்லை. புத்தகத்தில் இருந்தது வேறு, கையிற் கிடைத்தது வேறு என்பது உண்மையே. ஆயினும் சீர்திருத்தங்கள் யாவும் மேற்கிலிருந்தே புறப்பட்டன என எண்ணுவோர் இதனைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

ஆங்கில விதியில் முதற் கீறல் 1843ஆம் ஆண்டில் விழுந்தது. அதனை உண்டாக்கியவர் ஏழையல்லர். ‘சேர்’ பட்டம் பெற்ற கனவான் ஒருவர். பிறைற்றன் கடற்கரை நகரில் தளபாடங்களுடன் கூடிய வீடொன்றை வாரத்துக்கு எட்டுக் கினி வாடகையில் ஐந்து வாரங்களுக்கு எடுத்தார். கட்டில்களிலே மூட்டைப்பூச்சி. குடும்பம் சில நாட்களில் வெளியேறியது; சொந்தக்காரர் வாடகைக்கு வழக்குத் தொடுத்தார். தளபாடங்களுடன் விடப்படும் வீடு மனிதர் வாழத் தக்கதாயிருத்தல் வேண்டும் என்று பார்க் முதலான நீதியரசர்கள் கனவானுக்குச் சார்பாகத் தீர்த்தனர். ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள், தளபாடமற்ற வீடு பற்றிய வேறொரு வழக்கில் அதே பார்க் பின்வாங்கினார்: வெறும் வீட்டுக்கு அத்தகைய நிபந்தனை எதுவுமில்லை! கடற்கரையில் ஓய்வெடுக்கச் சென்றவருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. ஆண்டு முழுதும் வெறும் வீட்டில் வாழ்ந்தவருக்குக் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகளின் பின், 1863இல், இன்னொரு நீதியரசர் இதனை ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: ஏமாற்று இல்லாதவரையில், இடிந்து விழும் வீட்டை வாடகைக்கு விடுவதைத் தடுக்கச் சட்டமில்லை என்று.

நீதிமன்றம் மூடிய கதவைப் பாராளுமன்றம் சிறிது சிறிதாகவே திறந்தது. தொழிலாளர் வீடுகளை ஆராய 1884இல் அமைந்த அரச ஆணைக்குழுவுக்கு சேர் சாள்ஸ் டில்க் தலைமை தாங்கினார். பட்டத்து இளவரசரும் அதில் அங்கத்தவர். அதன் பயனாக எழுந்த 1885ஆம் ஆண்டுச் சட்டம், குறைந்த வாடகை வீடு குடிபுகும் நாளில் வாழத் தக்கதாயிருத்தல் வேண்டும் என்றது. குடிபுகுந்த மறுநாள் யன்னல் உடைந்தால்? அதற்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம் வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. வாடகைக் காலம் முழுவதும் வீட்டை எல்லா வகையிலும் வாழத் தக்கதாகப் பேணும் கடமையை அது சொந்தக்காரர் மேற் சுமத்திற்று. ஆனால் ஓர் எல்லை வகுத்தது: இலண்டனில் ஆண்டு வாடகை 40 பவுண், பெரிய நகரங்களில் 26 பவுண், ஏனைய இடங்களில் 16 பவுண். இதற்கு மேற்பட்ட வாடகை கொடுப்போர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வல்லவர் என்பது எண்ணம். இந்த எல்லை பிற்காலத்தில் விளைத்த கேடு பின்னர் வரும்.

வாழத் தக்கது என்றால் என்ன? அதற்குப் பொருள் கண்டது ஒரு துண்டுக் கயிறு.

ஆங்கிலத் தொழிலாளர் வீட்டு யன்னல், நம் வீட்டு யன்னல் போல இரு கதவுகளாகத் திறப்பதன்று. கண்ணாடிச் சட்டங்கள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி மேலும் கீழும் நகரும். ஒவ்வொரு சட்டத்தின் இரு பக்கத்திலும் கயிறு கட்டி, அதனைக் கப்பியில் ஓடவிட்டு, மறு முனையில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு மரக்கூட்டினுள் மறைத்திருப்பர். கிணற்றுக் கப்பியை அறிந்தோர்க்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. பாரமும் எதிர்ப்பாரமும் ஒத்திருப்பதால் ஒரு விரலாற் சட்டத்தை உயர்த்தலாம். விட்ட இடத்தில் நிற்கும். கயிறு நைந்து ஒரு பக்கம் அறுந்தால் சட்டம் சரிந்து இறுகும். சரியாகப் பொருந்தாது, காற்று புகும். பாரம் முழுவதும் மற்றக் கயிற்றின் மேல் ஏறும். அதுவும் அறுந்தால் சட்டம் கத்தி போல விழும்.

லிவர்பூல் மாநகரசபைக்குச் சொந்தமான வீடொன்றிலே இது நிகழ்ந்தது. குடியிருப்பாளரின் கை நசுங்கியது. வழக்கு 1927இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்து தோற்றது. கயிறு நைந்திருப்பதைச் சபைக்கு எவரும் அறிவிக்கவில்லை. அறியாத குறையைத் திருத்தவில்லை என்று சொந்தக்காரரைக் குற்றஞ் சொல்ல முடியாது என்பது தீர்ப்பு. அங்கிருந்த நீதியரசர்களுள் ஒருவர் அற்கின். அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனில் 1867இற் பிறந்து, வேல்சில் வளர்ந்தவர். அறிவித்தல் பற்றி மற்றவர்களோடு அவரும் உடன்பட்டார். ஆனால் அதனோடு நிற்காமல் ஓர் அளவுகோலையும் வகுத்து வைத்தார். வீட்டைச் சாதாரணமாகப் பயன்படுத்தும்போதே உடலுக்கோ உடல்நலத்துக்கோ ஊறு நேரக்கூடிய நிலையில் அது இருக்குமாயின், அது வாழத் தக்க வீடன்று என்பதே அந்த அளவுகோல். தோற்ற வழக்கிலே சொல்லப்பட்டதால் அச்சொல்லுக்கு அன்று வேலை இருக்கவில்லை.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. அற்கின் பிரபுக்கள் சபையின் நீதியரசராய் உயர்ந்திருந்தார். சோடாப் போத்தலுக்குள் நத்தை கிடந்த புகழ்பெற்ற வழக்கில், 1932இல், அயலான் யார் என்ற கேள்விக்கு விடை கூறி உலகச் சட்ட மாணவர் யாவரும் அறிந்தவராகிவிட்டார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில் அவர் முன்னே மறுபடியும் ஒரு யன்னற் கயிறு வந்தது. இம்முறை சல்போர்ட் மாநகரசபையின் வீடு. படுக்கையறை ஒன்றின் ஒரே யன்னலில் ஒரு கயிறு அறுந்தது. வாடகைக்கிருந்த பெண்மணி அதனை அறிவித்தார். ஏறக்குறைய இரண்டு மாதங்கள் எவரும் வந்து பார்க்கவில்லை. அவர் யன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கையில் மற்றக் கயிறும் அறுந்து, சட்டம் கைமேல் விழுந்தது.

கயிற்றின் விலையோ அற்பம். ஒரு கயிறு அறுந்ததால் வீடு முழுவதும் வாழத் தகாததாகிவிடுமா என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. அவ்வாதம் சாதாரண அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றுவதும் உண்மையே. பிரபுக்கள் சபை அதனை ஏற்கவில்லை. திருத்துவது எவ்வளவு எளிது என்பதன்று கேள்வி. திருத்தாமல் விட்டால் அங்கு வாழ்பவருக்கு என்ன நேரும் என்பதே கேள்வி. லிவர்பூல் வழக்கிலே வீணாய்ப்போன அளவுகோல் இப்பொழுது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் சட்டமாயிற்று. அதனை வகுத்தவர் அடுத்த ஆண்டில் காலமானார்.

இனி எல்லாம் நன்றாய் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. வாடகை எல்லை குறுக்கே நின்றது. 1957ஆம் ஆண்டில் அது இலண்டனுக்கு 80 பவுணாகவும் பிற இடங்களுக்கு 52 பவுணாகவும் உயர்த்தப்பட்டது. அதன்பின் எவரும் அதனைத் தொடவில்லை. பண வீக்கத்தால் வாடகைகள் உயர உயர, ஆண்டுக்கு 52 பவுணுக்கு வீடு என்பது இல்லாப் பொருளாயிற்று. சட்டம் புத்தகத்தில் இருந்தது. அதன் காப்பினுள் வரக்கூடிய வீடு நாட்டில் இல்லை. பாராளுமன்றம் ஒரு சட்டத்தை ஒழிக்காமலே இறக்கவிட்டதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

1961ஆம் ஆண்டுச் சட்டமொன்று வேறு வழியில் உதவ முயன்றது. ஏழாண்டுக்குக் குறைந்த வாடகைகளில், வீட்டின் அமைப்பையும் வெளிப்புறத்தையும், நீர், மின்சார, வெப்பமூட்டும் சாதனங்களையும் சொந்தக்காரரே பழுது பார்த்துப் பேண வேண்டும் என்றது. ஆனால் ‘பழுது’ என்ற சொல்லே பொறியாயிற்று. வேல்சில் ஊராட்சி வீடொன்றிலே ஒற்றைக் கண்ணாடியும் உலோகச் சட்டமும் கொண்ட யன்னல்கள் இருந்தன. குளிர் காலத்தில் உள்ளிருந்த நீராவி அவற்றில் ஒடுங்கி நீராய் வழிந்தது. துணிகளும் படுக்கையும் தளபாடமும் பூஞ்சணம் பிடித்து அழிந்தன. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் கூறியது: யன்னல்கள் பழுதடையவில்லை, கட்டிய நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன, ஆகவே பழுது பார்க்க ஒன்றுமில்லை. தொடக்கத்திலேயே கூடாததாய் அமைந்த யன்னல் சட்டத்தின் கண்ணுக்கு நல்ல யன்னலாகவே தோன்றியது.

முறையிடுவதற்கு இருந்த அச்சமும் சிறிதன்று. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய காலம் முடிந்தபின் இரண்டு மாத அறிவித்தல் கொடுத்துக் காரணம் கூறாமலே குடியெழுப்பலாம். காற்றுப் புகும் யன்னலைப் பற்றிக் கடிதம் எழுதுபவர், வீட்டையே இழக்க நேரலாம் என்று எண்ணிப் பேனாவைக் கீழே வைப்பதில் வியப்பில்லை. உள்ளூராட்சி மன்றம் திருத்த அறிவித்தல் விடுத்தபின் ஆறு மாதங்களுக்கு இவ்வகையில் எழுப்ப முடியாது என 2015இல் ஒரு தடை போடப்பட்டது. காரணமற்ற வெளியேற்றத்தையே ஒழிக்கும் சட்டம் 2025இல் நிறைவேறியது.

இதற்கிடையே குளிர் அளக்கப்படும் பொருளாயிற்று. வீட்டு ஆபத்துக்கள் இருபத்தொன்பதை வகுத்து மதிப்பிடும் முறை 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மிகுந்த குளிர் அவற்றுள் ஒன்று. அம்முறைக்கான வழிகாட்டியின்படி உடல்நலத்துக்கு ஏற்ற உள்வெப்பம் ஏறக்குறைய 21 பாகை செல்சியஸ். 19 பாகைக்குக் கீழே சிறிது தீங்கு. 16 பாகைக்குக் கீழே முதியோருக்குப் பெருந்தீங்கு. பாராளுமன்ற உறுப்பினர் கரன் பக் கொண்டுவந்த தனியார் மசோதா 2018இற் சட்டமானபோது, இந்த ஆபத்துக்களும் வீடு வாழத் தக்கதா என்பதைத் தீர்மானிக்கும் அளவைகளுள் அடங்கின. வாடகை எல்லை முற்றாக நீங்கியது. யன்னல் பழுதுற்றதா, தொடக்கத்திலேயே கூடாததா என்ற வேறுபாடும் இங்கே சொந்தக்காரரைக் காப்பாற்றாது. இங்கிலாந்தில் 2019 மார்ச் 20 முதல் புதிய வாடகைகளுக்கும், ஓராண்டு கழித்து, முன்பே நடைமுறையிலிருந்த மாத, வார வாடகைகளுக்கும் அது நடைமுறைக்கு வந்தது.

லிவர்பூல் தீர்ப்பின் ஒரு பகுதி மட்டும் இன்றும் அழியாமல் நிற்கிறது. வீட்டுக்குள்ளே இருக்கும் குறையைச் சொந்தக்காரர் அறிந்திருக்க வேண்டும் என்ற விதியை, கூரைத்தட்டு விழுந்து காயமுற்றவர்களின் வழக்கில் 1973ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை மறுபடியும் உறுதி செய்தது. அவர்களும் தோற்றனர். ஆகவேதான் அந்நாட்டின் ஆலோசனை நிலையங்களுக்கு இவ்வகை முறைப்பாட்டுடன் வருவோரிடம் எந்தச் சட்டத்தையும் எடுத்துரைக்குமுன் கேட்கும் கேள்வி இதுதான்: சொந்தக்காரருக்கு எப்போது எழுதினீர்கள், அக்கடிதத்தின் பிரதி இருக்கிறதா?