கூலியும் விருப்பமும்

பிழைப்பை நாடி ஊரை விட்டுப் புறப்படும் தொழிலாளி முதலில் கேட்பது, ‘கூலி எவ்வளவு?’ என்பதே. ‘அதை யார் கையால், எப்போது, எக்கணக்கில் தருவீர்கள்?’ என்று கேட்பவர் மிகச் சிலர். ஆயினும் நம் நாட்டுத் தொழிலாளர் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், மக்களை உயர்த்தியதும் தாழ்த்தியதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த விடையே என்பது விளங்கும். பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இது வெறும் பழங்கதையன்று.

கேள்வி மிகப் பழையது. பேசி முடித்த கூலியையே தரவேண்டும் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. பேசாமல் வேலையில் இறங்கியவர்களுக்கும் அது வழி கூறுகிறது. உழவனுக்கு விளைச்சலிலும், மாடு மேய்ப்பவனுக்கு நெய்யிலும், வணிகம் செய்வோனுக்கு அவன் விற்கும் சரக்கிலும் பத்தில் ஒரு பங்கு உரியது. பேச்சு முந்தவேண்டும், வேலை பிந்தவேண்டும் என்ற நெறி அன்றே தோன்றிவிட்டது.

ஆங்கிலேயர் காலத்தில் மலைத்தோட்டங்கள் பெருகியபோது இந்நெறி தலைகீழாயிற்று. ஆனைமலைக்கும் மூணாற்றுக்கும் ஆள் திரட்டிய கங்காணி, தோட்டத்திலிருந்து முன்பணம் பெற்றுக் கிராமத்துக்கு வருவான். பழைய கடனைத் தீர்க்கவும் வழிச் செலவுக்கும் அப்பணம் ஏழையின் கையில் விழும். கூலி இன்னதென்று பேசப்படுமுன்பே கடன் எழுதப்பட்டுவிடும். பல தோட்டங்களில் ஒப்பந்தக் காலம் முடியும்போதுதான் முழுக் கணக்கும் தீர்க்கப்பட்டது. இடையில் அரிசியும் சிறிது செலவுப் பணமும் கிடைக்கும். கணக்கைக் கங்காணி அறிவான், தொழிலாளி அறியான்.

இந்த முன்பணத்துக்குச் சட்டமும் காவல் நின்றது. 1859-ம் ஆண்டின் 13-வது சட்டம் தொழிலாளர் ஒப்பந்த மீறலைப் பற்றியது. முன்பணம் வாங்கியவன் வேலைக்கு வாராவிடில், அவன் பணத்தைத் திருப்பித் தரலாம், அல்லது வேலையைச் செய்து முடிக்கலாம். மாஜிஸ்திரேட் இவ்விரண்டில் ஒன்றைக் கட்டளையிடுவார். கட்டளையை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல்.

சட்டங்களை மொழிபெயர்ப்பதே நம் தொழில் ஆதலின், இதனை முதன்முறை படித்தபோது ‘விருப்பப்படி’ என்னும் ஒரு சொல்லில் நின்றுவிட்டோம். இரண்டில் எது வேண்டும் என்பது யாருடைய விருப்பம்? உழைப்பவனுடையதாக இருக்கும் என்றே எண்ணினோம். வாசகத்தைத் திரும்பப் படித்தபோதுதான் அது புகார் கொடுத்தவரின் விருப்பம், அதாவது முதலாளியின் விருப்பம், என்பது தெளிந்தது. பணத்தைத் திருப்பித் தர வழியிருந்தும், விடுதலை பெறும் உரிமை வாங்கியவனுக்கு இல்லை. அச்சட்டம் 1925-ம் ஆண்டில்தான் ரத்துச் செய்யப்பட்டது.

1929-ல் நியமிக்கப்பட்ட ராயல் தொழிலாளர் கமிஷன் 1931-ல் தன் அறிக்கையைத் தந்தது. தொழிலாளரின் கடன்சுமையையும், சம்பளத் தாமதத்தையும், அபராதப் பிடித்தங்களையும் அது விரித்துரைத்தது. பின்னர் 1936-ம் ஆண்டில் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் பிறந்தது. சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேற்படலாகாது. ஆயிரத்துக்குக் குறைவான ஆட்கள் உள்ள இடத்தில் 7 நாட்களுக்குள்ளும், மற்ற இடங்களில் 10 நாட்களுக்குள்ளும் சம்பளம் தரவேண்டும். நாணயமாகவோ நோட்டாகவோ தரவேண்டும். அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டலாகாது என்று அது வரம்பு கட்டியது. ரயில்வே வேலையில் உள்காண்ட்ராக்டரின்கீழ் உழைத்தவரையும் அது மறக்கவில்லை.

நாட்கூலியா, வேலையளவுக் கூலியா என்பது மற்றொரு தேர்வு. கைவேகம் உடையவன் இரண்டாவதை விரும்புவான். மழை பெய்தாலும் சாமான் வாராமல் நின்றாலும் நஷ்டம் அவனுடையதே. 1948-ம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், வேலையளவில் கூலி பெறுவோருக்கும் காலக்கணக்கில் ஓர் உத்தரவாத விகிதம் குறிக்க இடமளித்தது.

1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், காண்ட்ராக்டர் கூலி தரும்போது முதன்மை முதலாளியின் பிரதிநிதி அருகிலிருக்கவேண்டும் என்றது. காண்ட்ராக்டர் தவறினால் முதன்மை முதலாளியே தரவேண்டும். 1979-ம் ஆண்டில் வெளிமாநிலத் தொழிலாளருக்கென்றே ஒரு சட்டம் வந்தது. மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இவற்றுள் எது அதிகமோ அதனை இடப்பெயர்ச்சிப் படியாகத் தரவேண்டும் என்றும், அதைத் திரும்பக் கேட்கலாகாது என்றும் அது விதித்திருந்தது. கங்காணியின் முன்பணத்துக்கு நூறாண்டு கழித்துக் கிடைத்த மறுமொழி என்றே இதனைச் சொல்லலாம்.

ஆனால் ஏட்டுச் சட்டம் வேறு, கூலி எண்ணும் கை வேறு. 1982-ல் தில்லியில் ஆசிய விளையாட்டுகளுக்கான கட்டடங்கள் எழும்பின. நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு கூலி, ஜமேதார்களின் கை வழியே சென்றது. அவர்கள் ஆளுக்கு ஒரு ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டனர் என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே உழைக்க நேர்வது, அரசியல் சட்டத்தின் 23-வது ஷரத்து தடுக்கும் கட்டாய வேலையே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியால் இசைவது சுதந்திரமான இசைவாகாது என்பதே அதன் கருத்து.

1976-ல் செய்த திருத்தம், தொழிலாளி எழுத்து மூலம் சம்மதித்தால் செக்காகவோ பாங்குக் கணக்கிலோ கூலி தர அனுமதித்தது. 2017-ல் அச்சம்மதம் தேவையற்றதாயிற்று. 2019-ம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் பழைய நான்கு சட்டங்களை ஒன்றாக்கி, நாட்கூலியை அன்றைய வேலை முடிவிலும், வாரக்கூலியை வார விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலும், மாதக்கூலியை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள்ளும் தரவேண்டும் என வகுத்தது. பாங்கில் விழும் பணத்தில் ஜமேதார் கை வைப்பது அரிது. ஆனால் பாஸ்புத்தகமும் அட்டையும் மேஸ்திரியின் பெட்டியில் இருக்குமாயின், பழைய கங்காணி புதுச்சட்டை அணிந்து வந்தான் என்பதே பொருள்.

ஆகவே, வெளியூரில் வேலைக்கு இசையுமுன் நாம் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம். முன்பணம் வாங்கினால் அது எத்தனை தவணையில் கழியும்? கூலி நாட்கணக்கா, அளவுக்கணக்கா, அளப்பவர் யார்? பணம் வந்து சேரும் இடம் என் கைதானா? இம்மூன்றுக்கும் விடை பெற்றபின் இசைந்தால், அந்த விருப்பம் உழைப்பவனின் விருப்பமாக இருக்கும். 1859-ல் அவனுக்குக் கிட்டாதது அதுவே.