தெருச் சிறுவருக்காகக் கையேந்திய குரு

யூபிலி ஆண்டில் நம் கோயிலுக்குக் கல்லும் காசும் தந்த முன்னோரை நன்றியுடன் நினைக்கிறோம். வீடற்ற சிறுவருக்காக ஊரெல்லாம் கையேந்திய ஒரு குருவானவரின் வரலாற்றையும் இத்தருணத்தில் நினைவுகூர விரும்புகிறோம். அவரே புனித தொன் போஸ்கோ.

1841இல் குருப்பட்டம் பெற்ற அவர் இத்தாலியின் துரின் நகருக்கு வந்தார். வளர்ந்துவந்த அந்நகருக்கு மலைக் கிராமச் சிறுவர்கள் பிழைப்புத் தேடி வந்துகொண்டிருந்தனர். சிலர் கொத்தனாருக்குக் கல் சுமந்தனர். சிலர் புகைக்கூண்டு துடைத்தனர். வேலையற்ற நாளில் தெருவே அவர்களுக்கு வீடு. பசிக்குத் திருடினால் சிறை. குரு கஃபாசோவின் வழிகாட்டுதலால் சிறைகளுக்குச் சென்ற தொன் போஸ்கோ, விடுதலையான சிறுவர் மீண்டும் சிறைக்கே திரும்புவதைக் கண்டார். வெளியே அவர்களை ஏற்பார் எவருமில்லை என்று உணர்ந்து, சந்தைக்கும் வேலைத்தலங்களுக்கும் தாமே அவர்களைத் தேடிச் சென்றார்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1844 முதல் பரோலோ சீமாட்டியின் தரும நிலையத்தில் அவருக்குச் சம்பளத்துடன் ஆன்ம குருப்பணி இருந்தது. அவர் உடல்நலம் கெடுவதைக் கண்ட சீமாட்டி, சிறுவர்களையோ பணியையோ ஒன்றை விடும்படி கூறினார். அவர் சிறுவர்களைக் கைவிடவில்லை. 1846இல் வேலை போயிற்று. அவ்வாண்டு நவம்பரில் தாய் மார்கரீத்தாவுடன் வல்தோக்கோவில் குடியேறினார். ஏழைத் தாய் தம் திருமண மோதிரத்தையும் விற்றார். 1847இல் மழையில் நனைந்து வந்த ஓர் அனாதைச் சிறுவனுக்கு அவர்கள் அடுப்பங்கரையில் படுக்கை விரித்தனர். விடுதி அவ்வாறே தொடங்கிற்று.

உதவிகள் பிறகே வந்தன. 1850இல் செனட் சபையினர் இல்லத்தை நேரில் பார்வையிட்டு, அரசு ஆதரிக்கவேண்டுமெனப் பரிந்துரைத்தனர். அடுத்து, பரிசுச்சீட்டு நடத்தினார்; சீட்டு ஒன்று அரை லீரா. 1852 ஏப்ரலில் அருகிலிருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, புனித கொத்தொலெங்கோவின் நோயாளர் இல்லம் சேதமுற்றது. தமக்கே கடன் இருந்தும், சீட்டுப் பணத்தைத் தொன் போஸ்கோ அவ்வில்லத்துடன் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டார்!

அவ்வாண்டிலேயே தொழில் பயிலும் சிறுவனுக்காக முதலாளியுடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்தார். அடிக்கக் கூடாது, தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக் கூடாது, ஞாயிறு ஓய்வு தரவேண்டும் என்பன அதன் கருத்து. 1853இல் செருப்புத் தைக்கும் பட்டறையும் தையற் பட்டறையும் இல்லத்திலேயே தொடங்கின. பெற்ற காசு சோறாக மட்டும் முடியாமல் தொழிலாக மாறிற்று.

இப்பணி நம் மண்ணையும் தொட்டது. 1906 ஜனவரியில் சலேசிய குருக்கள் தஞ்சாவூருக்கு வந்து அனாதைச் சிறுவர்களிடையே பணி தொடங்கினர்.

பங்கு மக்களே, வீட்டை விட்டு ஓடிவரும் பிள்ளைகள் இன்றும் நம் ரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் வந்திறங்குகின்றனர். 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணை நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்கட்டும். நம் யூபிலிக் காணிக்கையில் ஒரு பங்கை இச்சிறுவருக்கென ஒதுக்குவோம். மானியம் வரட்டும் என்று தொன் போஸ்கோ காத்திருக்கவில்லை, நாமும் காத்திருக்கவேண்டியதில்லை. முதலில் தேடிச் செல்வோம். தேவையானதை இறைவன் தருவார்.